அட்டை உட்காராத குல்லா

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் குழந்தையும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை கொஞ்சம் குறைந்ததா, இல்லை தலைமையாசிரியர் இன்னும் கிளம்புகிற நேரத்தில்தான் காகிதத்தைக் கொண்டுவந்து தள்ளுகிறாரா?

எழுதக் காரணம் நம் சுண்டெலிதான். அவள் அம்மாவின் தலையணை உறை ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். துவைக்கவும் விடுவதில்லை. பள்ளிக்கூடப் பையில் வைத்துக் கொண்டுபோகிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "அஞ்சு வயசுப் பிள்ளை இன்னும் இப்படிச் செய்யலாமா சார்?" என்றார். அஞ்சு வயசுப் பிள்ளை வேறு எப்படிச் செய்யும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

உறை நடுவில் நைந்து கிழிய ஆரம்பித்துவிட்டது. அதையும் வீட்டில் கிடக்கும் பழைய துணிகளையும் சேர்த்து, அவளும் நானுமாக ஒரு துண்டுத்துணிப் போர்வை தைத்தால் என்ன என்று தோன்றியது. எப்படி ஆரம்பிப்பது? டிப்போவில் பஸ் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. விவரமாக எழுதுங்கள்.

சுண்டெலியை என்னிடம் விட்டுவிட்டு உங்கள் தங்கை அங்கே வந்து எட்டு வாரமாகிறது. இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவள். டிப்போ ஃபோனிலிருந்து இரண்டு முறை பேசினேன். இரண்டு முறையும் சண்டையில்தான் முடிந்தது. கடிதத்தில் ஒரு வசதி, தப்பாக வந்தால் அடித்துவிட்டு எழுதலாம். அவள் உடம்பு தேவலையா என்று மட்டும் ஒரு வரி தெரிவியுங்கள்.

உங்கள் தம்பி

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு மாடிப்படியைக் கண்டால் மட்டும்தான் வலி, மற்றபடி சௌக்கியம். சுண்டெலிக்குப் பெரியம்மாவின் முத்தம்.

எல்லாம் சரி, தையலைப் பற்றி என்னிடம் கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? பொத்தான் பிய்ந்தால் ஊக்கு குத்திக்கொண்டு ஆபீஸ் போகிறவள் நான். உங்கள் கல்யாணத்தன்று என் உடுப்பின் ஓரத்தை ஸ்டேப்ளரால் அடித்துக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்துச் சிரித்தவர் நீங்கள்தானே? பத்து வருஷம் தையல் கடை வைத்திருந்தவளைக் கல்யாணம் செய்துகொண்டு, அவளுடைய அக்காவிடம் ஊசி கேட்கிறீர்கள்.

இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். தெரிந்தவர் ஒருவரிடம் விசாரித்து எழுதுகிறேன். அவர் யாரென்று நீங்கள் கேட்க வேண்டாம், நானும் சொல்லப்போவதில்லை.

தெரிந்தவர் சொன்னது: உறையை வெட்டவே கூடாது. ஓரத்தைப் பிரித்து விரித்து, முழுசாக நடுவில் வைக்க வேண்டும். சுற்றிலும் சதுரத் துண்டுகள். குழந்தையின் கையை ஓர் அட்டையில் வைத்து, விரல்கள் அடங்குகிற அளவுக்கு ஒரு சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். அட்டையை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எந்தப் பழைய துணியில் அட்டை முழுசாக உட்காருகிறதோ அதில் கோடு போட்டு அவளே வெட்டலாம். ஒவ்வொன்றுக்கும் உங்களைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். கேட்டுக் கேட்டுச் செய்தால் சின்னப் பிள்ளைக்குச் சலித்துவிடும். கத்தரி முனை மழுங்கினதாக இருக்கட்டும். நூல் அவள் முழங்கை நீளத்துக்கு மேல் போனால் சிக்கு விழும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தெரிந்தவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். உடம்பு தேறிவருகிறது. மனசைப் பற்றி எழுதினால் நானும் அடித்து அடித்துத்தான் எழுத வேண்டும்.

அன்புடன் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். எனக்கு லேசான சளி, அவளுக்கு லேசான திமிர். உங்கள் தெரிந்தவர் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா?

அட்டை தயார். அதை ராணி செங்கோலைத் தூக்குவதுபோல் வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். திரைச்சீலை, மேசைத் துணி, என் சட்டைக்குள் நான் இருக்கும்போதே என் முதுகு, எல்லாவற்றிலும் அட்டையை வைத்துப் பார்த்து, "உட்காருதுப்பா!" என்று அறிவிக்கிறாள். டிப்போவின் நீலக் கால்சட்டை ஒன்றைத் தியாகம் செய்தேன். அது தடிமன், இரண்டு ஊசி முறிந்ததுதான் மிச்சம். அவளுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் கவுனிலிருந்து ஆறு துண்டு கிடைத்தது.

நான் தைத்ததைப் பார்த்து, "உங்க தையல் நாய் ஓடின தடம் மாதிரி இருக்கு" என்றாள். அவளுடையது என்னுடையதைவிட நேராக இருக்கிறது என்பதைத் தெரிந்தவரிடம் சொல்லுங்கள். கை யாருடைய கை என்று அவருக்குத் தெரியும்.

ஒரு சந்தேகம். இரண்டு துண்டைச் சேர்த்தால் ஒரு பக்கம் நீட்டிக்கொள்கிறது. ஏன்?

உங்கள் தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

சளி போனதா? திமிர் போகாது என்று தெரியும், அது எங்கள் வீட்டுச் சொத்து.

தெரிந்தவர் பதில்: இரண்டு துண்டின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்து, முதலில் இரண்டு மூலையையும் குண்டூசியால் பிடித்துவிட்டு, நடுவில் ஓட்டுத் தையல் போடவும். நீங்கள் ஒரு மூலையில் ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போயிருப்பீர்கள். "அவருக்கு எதையும் இழுத்துத்தான் பழக்கம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நவம்பரில் இங்கே வந்ததிலிருந்து அவர் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி எழுதுவது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. அக்டோபரில் எட்டு மாதத்தில் பிறந்து தங்காமல் போன குழந்தையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த பிஸ்கட் டப்பாவைப் பற்றித்தான் அழுகிறாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு அவள் தைத்து வைத்திருந்த சட்டைகளும் குல்லாவும் இருந்த டப்பா. ஒருநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "இந்தக் குப்பையைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் அழுவே?" என்றீர்களாம். மறுநாள் டப்பாவைக் காணோம். கேட்டதற்கு, "பழைய துணிக்காரன்கிட்ட போட்டாச்சு, விடு" என்றீர்களாம்.

ஏன் தம்பி? உங்களை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லையே.

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

குண்டூசி யோசனை நன்றாக வேலை செய்கிறது. இரண்டு வரிசை முடிந்தது. உறையின் ஓரத்தைப் பிரிக்கவும் சுண்டெலி சம்மதித்துவிட்டாள், பிரிக்கும்போது அவளே பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. போன வாரம் அவளுக்கு முதல் பல் விழுந்தது. ஊசியில் கோத்த நூலைப் பல்லால் கடித்து அறுக்கப் போய், நூல் அறவில்லை, பல் வந்துவிட்டது. அழவில்லை. பல்லைத் துண்டுத்துணியில் மடித்து வைத்திருக்கிறாள்.

டப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பேச்சு வேண்டாம் அக்கா. தையலைப் பற்றி மட்டும் எழுதுங்கள். போர்வைக்கு அடித் துணி என்ன வைக்கலாம்?

உங்கள் தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

எல்லோரும் நலம். அடித் துணிக்குப் பழைய படுக்கை விரிப்புப் போதும்.

தெரிந்தவர் இந்த முறை தையலைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. விழுந்தது மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்று கேட்கச் சொன்னார்.

அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கீழ்ப் பல். இடது பக்கம்.

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் வேலைக்குப் போனேன். இனிமேலும் மறைத்தால் நான் மனிதனில்லை.

டப்பாவைப் பழைய துணிக்காரனிடம் போடவில்லை. டிப்போவில் என் லாக்கரில் இருக்கிறது, அழுக்கு உடுப்புக்குப் பின்னால். கண்ணில் படாவிட்டால் அவள் மறந்துவிடுவாள் என்று முட்டாள்தனமாக நினைத்தேன். பழைய துணிக்காரன் என்று சொன்னது வாய்க்கு வந்த பொய். அவள் முகம் மாறியதும் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நான் பொய்யன் என்றாகிவிடுமே என்று நின்றேன். அவள் பெட்டி கட்டினாள், அப்போதும் நின்றேன். தினமும் லாக்கரைத் திறக்கும்போது அது என்னைப் பார்க்கிறது. நான் அதைத் திறந்ததேயில்லை. என்னால் முடியாது. எனக்கும் அது பிள்ளைதானே அக்கா.

இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். லீவு கேட்டிருக்கிறேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை ரயிலில் சுண்டெலியையும் டப்பாவையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும். காகிதத்தில் சொல்லுகிற விஷயமில்லை இது.

உங்கள் தம்பி

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

படித்துவிட்டு ஆபீஸ் என்று பார்க்காமல் மேசையில் தலை வைத்து அழுதேன். தலைமையாசிரியர் பயந்துபோய் அன்றைக்கு ஒரு காகிதமும் தரவில்லை.

நீங்கள் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது. சீக்கிரம் வந்து சேருங்கள். இரண்டு பேருக்கும் முன்னறையில் படுக்கை போட்டாயிற்று. "யார் வர்றா?" என்று கேட்டாள். ஆபீஸ் சிநேகிதி என்றேன். பொய் சொல்வது உங்களிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அன்புடன் அக்கா

ஜூன் 11

அக்கா,

குழந்தை நலம். நான் ஏன் வரவில்லை, ஏன் ஆறு வாரமாக எழுதவில்லை, உங்கள் இரண்டு தந்திக்கும் 'சுகம்' என்பதற்கு மேல் ஏன் பதில் இல்லை என்று இனி எழுதுகிறேன். இதை அவளிடம் காட்டிவிடுங்கள். மறைக்க இனி ஒன்றுமில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். மறுநாள் ஓர் ஆள் வரவில்லை என்று டிப்போவில் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து சுண்டெலியோடு இருந்தார். பிள்ளை சத்தமில்லாமல் தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவர் அடுத்த அறையில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வந்ததும் வாசலிலேயே மறித்து, "அப்பா, கண்ணை மூடு" என்றாள். கையைப் பிடித்து அழைத்துப் போனாள். திறந்து பார்த்தேன். தரை முழுக்கச் சதுரங்கள். வெள்ளை, இளநீலம், சின்னச் சின்ன வாத்துப் போட்டது. வரிசையாக, ஒழுங்காக, அட்டை அளவுக்கு. இருபத்தி இரண்டு.

"டப்பா நிறையக் குட்டிக் குட்டிச் சட்டைப்பா! பொம்மைக்குப் பெரிசு, எனக்குச் சின்னது. யாருக்குமே பத்தாது. அட்டை எல்லாத்துலயும் உட்கார்ந்துச்சு. நாளைக்கு அம்மாகிட்ட காட்டலாம்."

நான் அவளைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. குழாயடியில் போய்க் கை கழுவினேன். கிரீஸ் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன். எந்த முகத்தோடு ரயில் ஏறுவேன்? டிக்கெட் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

ஒரு சட்டையையாவது திரும்பச் சேர்த்துவிடலாம் என்று பார்த்தேன். வாத்துப் போட்ட துண்டுகளையும் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கிய ஓரங்களையும் வைத்து இரண்டு வாரம் தைத்தேன். எஞ்சினைப் பிரித்தால் பூட்டிவிடலாம். இது ஒரு கையோடு நிற்கிறது. அடுத்த கைக்குத் துணி போதவில்லை.

நான் தைப்பதைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாருடைய சட்டை என்று சொன்னேன். கையில் இருந்த வாத்துத் துண்டைக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்கு ஏன் யாரும் முன்னாடியே சொல்லலை?" என்றாள். அட்டையைப் பென்சில் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள். அதன்பிறகு ஊசியைத் தொடவில்லை. கீழ்ப் பல் இன்னொன்றும் விழுந்துவிட்டது, அதை எங்கே போட்டாள் என்றுகூடத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று மிச்சம். குல்லா. அது வட்டமாக இருப்பதால் அட்டை அதில் உட்காரவில்லையாம். வெட்டாமல் டப்பாவுக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

உங்கள் தம்பி

ஜூலை 24

சுண்டெலியின் அப்பாவுக்கு,

நான் நலம். அங்கும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா எழுதுகிறேன் என்றாள், வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை ஆறு வாரமாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நீங்கள் ஆறு வாரம் பேசாமல் இருந்தீர்கள், நானும் இருந்து பார்த்தேன்.

ஜனவரியில் 'டப்பா இருக்கிறது' என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தால் அடுத்த ரயிலில் வந்திருப்பேன். நீங்கள் தையலைப் பற்றிக் கேட்டீர்கள். நானும் தையலைப் பற்றியே பதில் சொன்னேன். எனக்குத்தான் புத்தி எங்கே போனது? அக்காவுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியில் 'வா' என்று இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்ப்பேன். என் பிள்ளை அங்கே என் உறையைப் பிடித்துக்கொண்டு திரிகிறாள், நான் இங்கே ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளைக் கேட்காமல் வெட்டச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அட்டை என்னுடையது.

நீங்கள் அவளைத் திட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

துண்டுகளை ஒன்றும் செய்யாதீர்கள். ஓரங்களைக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். ஒற்றைக் கைச் சட்டையைப் பிரிக்க வேண்டாம், நான் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி ரயிலில் வருகிறேன். அவளுக்காக வருகிறேன். உங்களோடு என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்படிக்கு,
அவள் அம்மா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம். 'மூவரும்' என்று எழுதி எத்தனை நாளாயிற்று. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஸ்டேஷனில் சுண்டெலி முதலில் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவள் அம்மா உட்கார்ந்து கையை நீட்டியதும், "நான் தெரியாம வெட்டிட்டேம்மா" என்றாள்.  அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் அழுது முடிக்கும்வரை நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சுண்டெலி வாயைத் திறந்து ஓட்டைகளைக் காட்டினாள்.

இரண்டு வாரமாக அம்மாவும் பெண்ணும் ஒரே ஊசியால் மாறி மாறித் தைக்கிறார்கள். நான் நூல் கோத்துக் கொடுக்கிறேன். நடுவில் உறை, அதைச் சுற்றி அந்த இருபத்தி இரண்டில் மிஞ்சியவை, அப்புறம் மற்றவை. ஒற்றைக் கைச் சட்டையை உங்கள் தங்கை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குல்லாவோடு டப்பாவுக்குள் வைத்து, தன் அலமாரியில் வைத்துவிட்டாள்.

என்னிடம் பேசுகிறாள். சாவி எங்கே, குழாய் ஒழுகுகிறது, டீச்சர் வரச் சொன்னார். எல்லாம் பேசுகிறாள். 'நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள்' என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறாள். ஒன்பது மாதத்தை யார் திருப்பித் தருவார்கள் அக்கா? நான் பாழாக்கியது சட்டையை மட்டுமா?

போர்வையின் ஓரம் மூன்று பக்கம் அடித்தாயிற்று. கடைசிப் பக்கத்தை அப்படியே விட்டு, "இது அப்பா பங்கு" என்று சுண்டெலியிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள். நேராக அடித்துவிட்டேன். மூலையை எப்படி மடித்துத் திருப்புவது என்று தெரியவில்லை, துணி மொத்தமாகச் சுருட்டிக்கொள்கிறது.

அவள் அடுத்த அறையில்தான் இருக்கிறாள். கதவும் திறந்துதான் இருக்கிறது. இருந்தும் பேனாவை எடுத்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூலையை எப்படி மடிப்பது என்று கொஞ்சம் எழுதுங்கள்.

உங்கள் தம்பி

செப்டம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். வீடுதான் வெறிச்சென்று இருக்கிறது. சுண்டெலிக்கு முத்தம்.

ஏப்ரலில் நீங்கள் சொல்லாதே என்றதும் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தால் அந்த வாரமே ரயில் ஏறியிருப்பாள், சட்டைகள் முழுசாக இருந்திருக்கும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது போதும்.

மூலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தைக்கத் தெரியாது, தம்பி. போய்க் கேளுங்கள்.

அக்கா